ஹார்மனோடு ஒரே படகில்

ஏப்ரல் 8, புதன்

தூண்டில் சுருள்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன். கார்லண்டின் மழைக்கோட்டைப் போட்டுப் பார்த்தேன். கையை மடித்துவிட்டால் சரியாக இருக்கிறது.

மாலையில் ஹார்மன் வந்தான். என் கணவர் கார்லண்டும் அவனும் இருபது வருடம் ஒரே படகில் பாஸ் என்னும் ஏரி மீனைப் பிடிக்கும் போட்டிகளுக்குப் போனவர்கள். கார்லண்ட் இறந்த பிறகு, "அவன் இடம் காலியா இருக்கக் கூடாது நேடின், நீ வா" என்று கூப்பிட்டவனும் அவன்தான். இந்தத் தடவை போட்டி அலபாமாவில், பெல் ஃபெரி ஏரியில். அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கென்டக்கியில் எங்கள் ஊர் ஏரியைத் தூக்கி அதன் ஒரு மூலையில் போட்டால் காணாமல் போய்விடும்.

மேஜை முழுக்க வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். அவன் அதன் மேலேயே காபிக் கோப்பையை வைத்தான்.

"இதெல்லாம் எதுக்கு? அங்க போய்ப் பாத்துக்கலாம்."

புது ஏரிக்குப் போகிறவன் இப்படியா பேசுவான்? கார்லண்ட் இருந்தால் ஒரு வாரம் வரைபடத்தின் மேலேயே படுத்துக் கிடந்திருப்பார்.

சரி. எதிலும் குறை கண்டுபிடிக்கிறவள் என்று என் மகள் சொல்வது பொய்யில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

வந்து சேர்ந்தோம். கரையோர முகாமில் எனக்கு ஒரு அறை, அவனுக்கு ஒரு அறை.

கடல் மாதிரி இருக்கிறது. எதிர்க்கரை தெரியவில்லை. காற்று எழுந்தால் அலை படகுக்குள் வந்து விழுகிறது. எங்கே ஆரம்பிப்பது என்றே புரியாமல் காலை முழுதும் சுற்றினோம். தண்ணீருக்கடியைக் காட்டும் சோனார் திரையில் மூழ்கிய மரங்கள், பழைய சாலை, அப்புறம் வெறும் ஆழம். முட்டையிடும் பருவம், மீன் கரையோரம்தான் இருக்க வேண்டும். ஆனால் எந்தக் கரை? இங்கே கரைக்கா பஞ்சம்?

மதியம் கிழக்கே ஒரு குறுகிய ஓடை வாய் தெரிந்தது. இரண்டு பக்கமும் வில்லோ மரங்கள், உள்ளே இடிந்த படகுக் கொட்டகை ஒன்று. பார்த்ததும் எனக்குக் கை அரித்தது.

"உள்ள போலாமா?"

"வேணாம். அங்க ஒண்ணும் இருக்காது."

"போய்ப் பாக்காமலே?"

"தண்ணி நிறத்தப் பாத்தா தெரியலையா உனக்கு?" என்று சொல்லிப் படகைத் திருப்பிவிட்டான்.

தண்ணீர் நிறம் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

பெட்ரோல் போடும் மேடையில் வேலை செய்யும் பெண் வாயாடி. வேகவைத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கினேன்.

"உங்க கூட்டாளி ரொம்ப மரியாதையான ஆளுங்க. போன வாரமும் இங்கதான் போட்டாரு. அன்னிக்குத் தனியா வந்திருந்தாரு."

"எங்க ஆளா? பச்சைத் தொப்பி?"

"அவரேதான்! என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரே."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். போன வாரம் என்னிடம் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான்.

முன்கூட்டி வந்து பார்ப்பது விதிப்படி தப்பில்லை. அப்புறம் ஏன் மறைத்தான்? கேட்கலாமா? கேட்டால் உஷாராகிவிடுவான். எதற்கு உஷார்? எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 15, புதன்

மோட்டாரில் ஏதோ சத்தமாம். "ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வரேன்" என்று தனியாகப் போனான். திரும்பி வந்தபோது முழங்கை வரை நனைந்திருந்தான், விரல்களில் கீறல். மோட்டார் பார்த்தால் கையா நனையும்?

ஏப்ரல் 16, வியாழன்

அவனுடைய பிக்கப் வண்டியில் பனிப்பெட்டியை எடுக்கப் போனேன். தார்பாய்க்கு அடியில் கோழி வலைக் கம்பியில் பின்னிய கூடை ஒன்று. மூடியில் கொக்கி, நீளமாக நைலான் கயிறு. நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"நண்டு பிடிக்கிற கூடை" என்றான், நான் கேட்காமலே.

நண்டுக் கூடைக்கு நண்டு நுழைய வாய் இருக்கும். இதற்கு இல்லை. உள்ளே போட்டது வெளியே போக முடியாது, அவ்வளவுதான். கம்பியில் செதில்கள் ஒட்டியிருந்தன, காய்ந்த செதில்கள்.

அப்போதே புரிந்துவிட்டது. எழுதத்தான் கை வரவில்லை. முன்கூட்டியே பெரிய மீன்களைப் பிடித்துக் கூடையில் அடைத்துத் தண்ணீருக்குள் கட்டி வைப்பது. போட்டியன்று போய் எடுத்துக்கொள்வது. இப்படிச் செய்து மாட்டியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இது காலிக் கூடை. அப்படியென்றால் நிறைந்த கூடை ஒன்று எங்கேயோ இருக்கிறது.

இல்லை, எனக்குப் பைத்தியம். ஹார்மன் கார்லண்டின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன்.

ஏப்ரல் 17, வெள்ளி

போட்டிக் கூட்டம். போட்டியை நடத்தும் பர்ல் டேக்கெட் விதிகளைப் படித்தார். ஐந்து மீன், உயிரோடு, மூன்று மணிக்குள் எடைமேடையில். ஜெயிக்கிறவர்களுக்குப் பொய் கண்டறியும் சோதனை. ஹார்மன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம் நினைவுக்கு வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் கார்லண்ட், இரண்டு கையிலும் மீன். ஒரு மீனின் மூக்கு உரிந்து சிவந்திருக்கும். "ஐயோ பாவம், இதுக்கு என்னாச்சு?" என்று அன்று கேட்டேன். கல்லில் உரசியிருக்கும் என்றார்.

அவர் சொன்னாரா, ஹார்மன் சொன்னானா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இன்னொரு மீனின் வாய்க்குள் அவர் கட்டைவிரல் இருக்கும், மூக்கு தெரியாது. பாஸ் மீனை எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள். ஆனாலும்...

கடவுளே, செத்த மனுஷன்மேல போய்ச் சந்தேகப்படுறேனே.

ஏப்ரல் 18, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் படகுகள் கிளம்பின. ஹார்மன் நேராகக் கிழக்கே விட்டான். அந்த ஓடைக்குள்ளேயே போனான், "ஒண்ணும் இருக்காது" என்று சொன்ன அதே ஓடை. கொட்டகைத் தூண் பக்கம் நிறுத்திவிட்டு, "நீ முன்னால போய் அந்த மரத்தடியில தூண்டில் போடு, திரும்பாத" என்றான்.

திரும்பினேன். மண்டிபோட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். கூடை மேலே வந்தது. ஐந்து மீன், எல்லாம் முட்டை நிறைந்த பெரிய பெண் மீன்கள். ஐந்துக்கும் கம்பியில் முட்டி முட்டி மூக்கு ரத்தமாகியிருந்தது.

"இது என்ன ஹார்மன்?"

"ஜெயிக்கிற வழி. சும்மா இரு."

கூடையைக் கவிழ்த்து மீன்களைப் படகின் தொட்டியில் விட்டான். நான் போய்த் தொட்டியின் மூடியைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து ஏரியில் விட்டேன். என்னைத் தடுக்கக் கை ஓங்கினான். வெளியே இன்னொரு படகுச் சத்தம் கேட்டதும் அடங்கிவிட்டான். ஐந்தாவது மீன் கொஞ்ச நேரம் சாய்ந்தே கிடந்தது. பிறகு வாலை அடித்துக்கொண்டு உள்ளே போனது.

ஹார்மன் கயிற்றை அறுத்தான். கூடை மூழ்கியது. சிரித்தான்.

"இப்ப என்னடி ஆதாரம் இருக்கு உன்கிட்ட? அதையும் நீயே தண்ணில விட்டுட்டியே!"

உண்மைதான். எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த மூக்குகளைப் பார்த்ததும் வேறு எதுவும் தோன்றவில்லை.

"கார்லண்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தான்.

"உனக்கு எப்படி வேணும்? நீ கம்முனு இருந்தா அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. தங்கமான மனுஷன். நீ டேக்கெட்கிட்ட வாயத் தொறந்தா, இந்தக் கூடையப் பின்னக் கத்துக்குடுத்ததே அவன்தான்னு சொல்லுவேன்."

"நெஜம் எது?"

"அதான் சொன்னேனே. உன் கையிலதான் இருக்கு."

கரைக்குத் திரும்பினோம். எடைமேடைக்கு நாங்கள் கொண்டுபோக ஒரு மீனும் இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

டேக்கெட்டிடம் போய்ச் சொன்னேன். முகாம் அறையில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தவர் கட்டாமல் அப்படியே கேட்டார்.

"மேடம், நீங்க எடையே போடல. போட்டி முடிஞ்சுபோச்சு. இதுல உங்களுக்கு என்ன ஆகணும்?"

"ஒண்ணும் ஆக வேண்டாம் சார். கூடை அங்க கிடக்கு. எடுத்துப் பாருங்க."

கொக்கி போட்டு இழுத்து எடுத்துவிட்டார்கள். வண்டியில் இருந்ததும் இதுவும் ஒரே பின்னல், ஒரே கயிறு. பொய் கண்டறியும் சோதனைக்கு வரச் சொன்னால் ஹார்மன் மறுத்துவிட்டானாம். சொன்னபடியே கார்லண்டின் பெயரையும் இழுத்திருக்கிறான்.

டேக்கெட் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "உங்க வீட்டுக்காரரப் பத்தி அவர் சொல்றது..."

கார்லண்டுக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்திருக்கலாம். இருபது வருட மரியாதை. ஒரே ஒரு வார்த்தை போதும்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். "அவர் செஞ்சாரா இல்லையான்னு எனக்கு நெஜமாவே தெரியாது."

ஏப்ரல் 27, திங்கள்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹார்மனுக்கு ஆயுள் தடை. அவனும் கார்லண்டும் சேர்ந்து ஜெயித்த போட்டிகள் எல்லாவற்றையும் போட்டி மன்றம் ரத்து செய்துவிட்டது. நேற்று சர்ச்சில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

மகள் லோர்னா நாஷ்வில்லிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா வந்து பதில் சொல்ல முடியாதும்மா! நீயாவது அவருக்காகப் பேசியிருக்கக் கூடாதா? 'தெரியாது'ன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"தெரியும்னு எப்படிடி சொல்றது? எனக்குத் தெரியலையே!"

வைத்துவிட்டாள். பெற்ற மகளே.

மே 6, புதன்

லோர்னா இன்னும் கூப்பிடவில்லை. ஹார்மன் வீட்டு வாசலில் படகு விற்பனைக்கு நிற்கிறது. பார்க்காமல் கடந்துவிட வேண்டும் என்று நினைத்தும் பார்த்தேன்.

மே 23, சனி

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் லோர்னா வந்து நின்றாள். பை ஒன்று, அழுது முகம் வீங்கியிருந்தது. பீன்ஸும் சோள ரொட்டியும் செய்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

இன்று காலை எனக்கு முன்னால் எழுந்து, "ஏரிக்குப் போலாமா?" என்றாள். பதினாறு வயதுக்குப் பிறகு அவள் தூண்டிலைத் தொட்டதே இல்லை.

நம்ம ஏரிதான். பாலத்துக்குக் கீழே படகை நிறுத்தினேன். லோர்னா கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியலடி."

"உனக்கு என்ன தோணுது?"

"ஒரு நாள் தெரிஞ்சிருக்கும்னு தோணுது. அன்னிக்குப் பூரா அவரோட சண்டை போடுவேன். மறுநாள் தெரிஞ்சிருக்காதுன்னு தோணுது. அன்னிக்கு மன்னிப்புக் கேப்பேன்."

லோர்னா சிரித்தாளா அழுதாளா, சரியாகத் தெரியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னிக்கு என்ன, சண்டையா மன்னிப்பா?"

"இன்னிக்குச் சண்டை."

"அப்ப சண்டைக்கு நானும் வரேன்" என்று சொல்லிவிட்டு, புழுவைக் கோத்துத் தரும்படி தூண்டிலை என்னிடம் நீட்டினாள். கோத்துக் கொடுத்தேன்.