கெரோகா வளைவு வரும்போது

போசிபோரி, நேற்று கல் ஏற்றியதில் இடுப்பு நிமிரவில்லை. உன்னை எழுப்பாமல் குவாரிக்குப் போகிறேன்.

கிசி போகும் மட்டாட்டு வேனில் ஓட்டுநர் பக்கத்து இருக்கைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளை நியாஞ்சாமா எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டே வரட்டும்; போனைக் கொடுக்காதே. வழிக்குத் தெம்பு என்று பால் தேநீரும் எண்ணெயில் பொரித்த மண்டாசியும் வயிறு முட்டக் கொடுக்காதே. போன தடவை அப்படிக் கொடுத்து அவள் வாந்தி எடுத்துத்தான், "ஏம்மா, உம் பொண்ணு என் வண்டிய மொழுக வந்தாளா?" என்று நடத்துனர் கேட்டான். அவித்த சர்க்கரைவள்ளியில் பாதி போதும். இஞ்சித் துண்டு கடிக்கட்டும். பிளாஸ்டிக் பைக்குத்தான் தடையாச்சே, மூடி போட்ட டப்பாவைக் கதவருகே வைத்திருக்கிறேன்.

"எங்கம்மாவப் பொதைக்கக்கூட வரமாட்டீங்களா?" என்று ராத்திரி கேட்டாய். "பசு வராம மருமகன் குழிப்பக்கம் வரக்கூடாது"ன்னு உன் அண்ணன் போனில் சொல்லிவிட்டான். அவன் சொன்னது சரிதான்.

சாவி பக்கத்து வீட்டில்.

கெரோகா வளைவு வரும்போது, குளிர்ந்தாலும் சன்னலைத் திறந்து வை.

உன்னைக் கட்டும்போது பேசிய பரிசத்தில் உன் அம்மாவுக்கு நான் இன்னும் ஒரு பசு தர வேண்டும்.