கை நுழைக்காத சட்டை

அக்கா,

நேற்று செங்கல்பட்டில் என் மகள் வீட்டுக் கட்டில் முழுக்கக் குழந்தைத் துணி. பேத்தி பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரோ பெட்டி நிறையத் துணி வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒன்றை மகள் எடுத்து என் முன்னால் ஆட்டிக் காட்டினாள். கழுத்திலிருந்து கால் வரைக்கும் ஒரே ஜிப்.

"பாத்தியாம்மா, கொழந்தைய அப்டியே படுக்க வச்சி மூடிட வேண்டியதுதான். கை கால இஸ்து இஸ்து போடற பேஜாரே கெடையாது. இன்னாமா கண்டுபுடிக்கிறானுங்க!"

ஐம்பது வயதாகிறது அவளுக்கு. ஏதோ உலகத்திலேயே முதன்முதலாக நடந்தது போல வாயைப் பிளக்கிறாள். 'உன் பெரியம்மா உனக்கே இப்படி ஒன்று தைத்துப் போட்டுவிட்டாளடி' என்று உன்னைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதுத் துணியின் கஞ்சி வாசனை மட்டும் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னைத் தூக்கிய அன்று நான் அழவில்லை என்று சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த உன் பிறந்த வீட்டார் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். எனக்கும் உனக்கும் ஒத்துப்போகாது என்பது ஊரறிந்த விஷயம்தானே. நீ குழம்பில் புளியை அள்ளிக் கொட்டுவாய். நான் வாயைத் திறப்பேன். நீ கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பேர் ஒரே அடுப்படியில் எத்தனை காலம்தான் சிரித்துக்கொண்டிருக்க முடியும்? ஆனால் நான் அழாததற்குக் காரணம் அது இல்லை. எனக்கு மரத்துப் போயிருந்தது. இப்படி மரத்துப் போனது எனக்கு முதல் தடவையும் இல்லை. முன்பு மரத்தபோது பக்கத்தில் நீ இருந்தாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருப்போரூர் வீட்டுக்கு நான் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கலாம். தலைப்பிரசவத்துக்குப் போக எனக்குத் தாய்வீடு இல்லை. அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். நம் வீட்டிலும் மாமியார் இல்லை. அதனால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு மூட்டை கட்டிக்கொண்டு என்னோடு வந்தவள் நீதான். உன் கொழுந்தன், அதான் என் வீட்டுக்காரர், கேளம்பாக்கம் உப்பளத்தில் லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் லாரியில் போயிருந்தார். போகும்போது என் பையில் ஒரு நைலான் சட்டையை வைத்துவிட்டுப் போனார். மெட்ராஸில் வாங்கியது. ரோஸ் நிறம், கழுத்தைச் சுற்றிப் பூவேலை. பிறப்பதற்கு முன்னே துணி எடுக்கக் கூடாது என்று எல்லாரும் சொன்னதற்கு மனுஷன் சிரித்தார். நைலான் என்றால் அப்போது அவ்வளவு மோகம்.

பையன் பிறந்தான். அப்பன் வந்து பார்க்கும்போது அழகாக இருக்கட்டும் என்று அந்தச் சட்டையைப் போட்டுவிட்டேன். தலையை நுழைப்பதற்குள் நீயும் நானும் வியர்த்துப் போனோம். அவர் வருவதற்குள் பையன் போய்விட்டான். மூச்சு இழுத்தது, டாக்டர் வந்தார், என்னென்னவோ செய்தார்கள், போய்விட்டான்.

மாமா, உன் வீட்டுக்காரர், சேதி கேட்டு அப்போதுதான் ஊரிலிருந்து வந்து வெள்ளைத் துணியோடு வெளியே மரத்தடியில் நின்றார். குளிப்பாட்டி அதில் சுற்றிக் கொடுக்க வேண்டும். நீ வெந்நீர் கொண்டுவரப் போயிருந்தாய். நான் சட்டையைக் கழற்றப் பார்த்தேன். கை வளையவில்லை. தலைவழியாக எடுக்கலாம் என்று இழுத்தேன். கழுத்து சின்னது, முகத்தில் போய் மாட்டிக்கொண்டது. மேலே இழுக்கவும் முடியவில்லை, கீழே விடவும் முடியவில்லை. இரண்டு கையாலும் அந்த நைலானைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

நீ வந்து பார்த்தாய். நர்சிடம் போய்க் கத்தரிக்கோல் வாங்கி வந்தாய். கீழ் ஓரத்திலிருந்து கழுத்து வரைக்கும் வெட்டினாய். பிறகு ஒரு கை, பிறகு இன்னொரு கை. சட்டை மொத்தமாகத் திறந்துகொண்டது.

"நீ அந்தாண்ட திரும்பிக்கினு குந்து" என்றாய்.

நான் திரும்பவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் அவனைக் குளிப்பாட்டினோம். முகத்தை மூடித்தான் மாமாவிடம் கொடுத்தாய். அவரும் திறக்கவில்லை, பார்த்தால் தாங்க மாட்டேன் என்றார். உன் கொழுந்தன் வந்து சேர்ந்தபோது பார்ப்பதற்கு மண்தான் இருந்தது.

அதன் பிறகு தெருவே அந்தச் சட்டையைப் பேசியது. பிறக்குமுன் வந்த துணி பிள்ளையை வாங்கிக்கொண்டது என்றார்கள். குழாயடியில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நீ குடத்தை இறக்கி வைத்தாய்.

"துணியாடி கொன்னுது? நெஞ்சுல கோளாறுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. போங்கடி, அவங்கவங்க வூட்டு வேலைய பாத்துகினு!"

என் முன்னால் யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. அவனைப் பற்றி ஒரு பேச்சுகூட இல்லை. பெயர் வைக்காத பிள்ளையைப் பற்றி எந்தச் சொல்லை வைத்துப் பேசுவார்கள்?

இரண்டு மூன்று வருடம் கழித்து மகள் பிறந்தாள். அதே ஆஸ்பத்திரி. மறுபடியும் நீதான் துணைக்கு வந்தாய். கார்த்திகை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பால் கொடுத்தேன், துடைத்தேன், ஏணைத் தொட்டிலில் போட்டேன். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. 'அது அழுவுது', 'அது தூங்குது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை என்ற நினைப்பே வரவில்லை. யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன குழந்தை, கேட்கும்போது கொடுத்துவிட வேண்டும் என்பது போலத்தான் இருந்தது.

சட்டை போடவே மாட்டேன் என்றேன். மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியே வைத்திருந்தேன். வந்தவர்கள் கொடுத்த சட்டையெல்லாம் டிரங்குப் பெட்டிக்குப் போனது. ஒரு சின்னக் கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைப்பது என்று நினைத்தாலே என் விரலெல்லாம் கட்டையாகிவிடும். சுற்றிய துணியோ நிற்கவில்லை. உதைத்து உதைத்து விலக்கிவிடுவாள். ஓட்டு இடுக்கில் சாரல் அடித்தது. தொட்டால் காலெல்லாம் சில்லென்று இருக்கும். சளி பிடித்துக்கொண்டது. மூச்சு விடும்போது நெஞ்சில் ஒரு கரகரப்பு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

"சட்டய எடுத்து போடுடி. கொழந்த வெறச்சி போவுது."

"மாட்டேன்."

"இன்னாடி மாட்டேன்? குடு, நான் போடறேன்."

"தொடாதக்கா!"

நான் கத்திய கத்தலில் மாமா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நீ முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாய். கோபித்துக்கொண்டு போகிறாள், போகட்டும் என்று இருந்தேன்.

நீ போனது கடைத்தெரு பாய் வீட்டுக்கு. ஒன்றைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு முதல் துணி மடியேந்தி வாங்கித்தான் போட வேண்டும், அதுவும் பிள்ளைகள் நிறைந்த வீட்டில் வாங்க வேண்டும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். நீ அதையெல்லாம் மதித்தவள் இல்லை. அமாவாசையன்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு எல்லாரையும் வெறுப்பேற்றியவள் நீ. அப்படிப்பட்டவள் எனக்காகப் போய் முந்தானையை ஏந்தியிருக்கிறாய். பாய் வீட்டம்மா கொடுத்தது, பாய் கட்டிக் கட்டி நைந்துபோன கட்டம் போட்ட கைலி.

"'எங்க வூட்டு புள்ளைங்க எல்லாம் இதுல பொரண்டு வளந்ததுங்கதான்'னு அந்தம்மா சொல்லிச்சி" என்று மட்டும் சொன்னாய். அடுப்பு ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாய். அன்றைக்குச் சோறு நான்தான் வடித்தேன். உன்னோடு பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் அதைக் கொண்டுவந்து பாயில் விரித்தாய்.

"இது சட்ட இல்ல. நல்லா பாத்துக்க. இதுல நுழைக்கிற வேலையே கெடையாது. விரிச்சி போடு, மேல படுக்க வை, இப்டி மடி, அப்டி மடி, கட்டு. முடிஞ்சிது."

பார்த்தேன். ஒரே துணி. கைப்பகுதியைக்கூட நீ மூடித் தைத்திருக்கவில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை திறந்து கிடந்தது. குழந்தையின் கை இருக்கிற இடத்திலேயே இருக்கும். துணியை அதன்மேல் மடித்து நாடாவால் கட்ட வேண்டும். முடிச்செல்லாம் பக்கவாட்டில், முதுகுக்கு அடியில் ஒன்றுகூட இல்லை. தையல் பிசிறு வெளியே தெரிந்தது.

"தையலு வெளிய கீதேன்னு பாக்கிறியா? உள்ள வந்தா கொழந்தைக்கு உறுத்தும். மூத்திரத்துணி மாத்த இடுப்புக்குக் கீழ மட்டும் தொறந்துக்கோ, நெஞ்சு மூடியே இருக்கட்டும்." பிறகு மேல் முடிச்சைத் தொட்டுக் காட்டினாய். "மூச்சு கீதான்னு பாக்கணும்னா இத ஒண்ண இஸ்தா போதும். கைய உள்ள வச்சிக்கோ. எத்தினி தடவ வேணாலும் பாரு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் மணிக்கொரு தரம் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதைவிட இன்னொன்று அப்போது புரிந்தது. ஆஸ்பத்திரியில் எந்த எந்த இடத்தை நீ கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தாயோ, அந்த இடமெல்லாம் இந்தத் துணியில் முதலிலிருந்தே திறந்திருந்தது. குழந்தையை எடுத்து அதன்மேல் படுக்கவைத்தேன். மடித்தேன். என் கையாலேயே கட்டினேன்.

சந்தோஷம் வந்ததா என்றால் இல்லை. சளி இறங்கும் வரைக்கும் அந்த மேல் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதும்தான் என் வேலை. உள்ளங்கைக்குக் கீழே அந்தக் குட்டி நெஞ்சு சூடாக ஏறி இறங்கும். சரி, இருக்கிறது என்று மறுபடி கட்டுவேன். நாடா அழுக்கேறிக் கயிறாகிவிட்டது. கரகரப்பு ஒருநாள் நின்றுபோனது. அன்றைக்குக் கட்டும்போது முகத்தைப் பார்த்துவிட்டேன். அவளும் என்னைப் பார்த்தாள். உன் மூக்கு அக்கா அவளுக்கு, இத்தனைக்கும் உனக்கும் அவளுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

அவள் நடக்க ஆரம்பித்த வருடம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். மணலில் காலை நீட்டி நீ உட்கார்ந்திருந்தாய். உன் மடியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நீ கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"அவனும் இப்டித்தான் கீழொதட்ட உள்ள மடிச்சிக்கினு தூங்குனான்."

அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். "ம்" என்றேன். வாழ்நாள் முழுக்க அவனைப் பற்றி நீ என்னிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகும் புளிக்காகவும் தண்ணீர்க் குடத்துக்காகவும் சண்டை போட்டோம். ஆனால் உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவளுக்கு அவனைத் தெரியும் என்று ஒரு நிம்மதி உள்ளே ஓடும்.

போட்டோ இல்லை. பெயர் இல்லை. அவனைக் கண்ணால் பார்த்து மனதில் வைத்துக்கொண்டிருந்தது நாம் இரண்டே பேர். நீ போன அன்று நம் வாசலிலிருந்து இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள் அக்கா. ஊர் கண்ணுக்கு ஒருத்தி மட்டும்தான் தெரிந்தாள். யாருக்காக அழுகிறாய் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

எனக்குப் பிறகு அவனை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற யோசனைதான் இந்த மழைக்காலம் முழுக்க. முன்னே ஒன்று பிறந்து தங்கவில்லை என்பது மகளுக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

நேற்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவளும் நானும் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"ஒனக்கு முந்தி பொறந்தவன் கீழொதட்ட மடிச்சிக்கினு தூங்குவான்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம்?" என்றாள்.

சில நாளே இருந்தவனைப் பற்றி அப்புறம் என்ன இருக்கிறது? ஆனாலும் அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கையைக்கூட அசைக்காமல்.

"அப்புறம் உங்க பெரிம்மா வந்துச்சி" என்று ஆரம்பித்தேன்.