வீடு மாறிய தேதி

8 பிப்ரவரி 2026

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல் ஐனில் குளிர் குறைந்ததா? கடையில் நின்றுகொண்டே சாப்பிடுவதை விட்டீர்களா?

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று மெயில் எழுதுகிறேன். ஆகஸ்டிலேயே நியூ ஜெர்சி வீட்டை விட்டு நார்த் கரோலினாவுக்கு வந்துவிட்டேன். கணவர் இல்லாமல், தனியாக. வீட்டிலிருந்தே வேலை என்பதால் கம்பெனிக்குக்கூட ஜனவரியில்தான் சொன்னேன். ஆறு மாதமாக உங்களிடம் "அவர் டூட்டிக்குப் போயிருக்கிறார்" என்று பொய் சொல்லிவந்தேன்.

இது வரி கட்டும் காலம். எந்த மாநிலத்தில் எத்தனை நாள் இருந்தேன் என்று இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனியே எழுத வேண்டும். வீடு மாறிய தேதி என்ற கட்டத்தில் ஆகஸ்ட் 17 என்று போட்டேன். முகம் தெரியாத ஆபீசருக்கு உண்மையை எழுதிவிட்டு உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

கீழே முகவரி இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். யாரிடமும் கொடுக்காதீர்கள். காரணம் இப்போது கேட்காதீர்கள், வாப்பா.

உங்கள் மகள்,
ஹிஃப்ஸா

*

அல் ஐன்
ஐக்கிய அரபு அமீரகம்
10 பிப்ரவரி

அன்பு மகள் ஹிஃப்ஸாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் மெயிலைப் படித்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் கேட்காமல் இருக்கப் பெற்றவனால் முடியுமா? மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். ராஜிக் அழுதார். "சின்னச் சண்டை மாமா, கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா. ரெண்டு ஸ்டேட்டுக்கும் டாக்ஸ் போடணும். அவ அட்ரஸ் இல்லாம முடியாது. ஃபைன் அவ தலையிலதான் விழும்" என்றார். பிறகு மெசேஜிலும் கேட்டார். அந்த ஊர்ச் சட்டம் எனக்கென்ன தெரியும்? உன் முகவரியை அனுப்பிவிட்டேன்.

கோபிக்காதே கண்ணு. நோன்பு பிறக்கப்போகிறது. அவர் வந்தால் உட்காரவைத்துப் பேசு.

வாப்பா,
ஜெய்னுலாப்தீன்

*

14 பிப்ரவரி

வாப்பா,

வியாழக்கிழமை வந்தார். கையில் வரிக் காகிதம் எதுவும் இல்லை. அரைமணி நேரம் கதவை உதைத்தார். நான் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு போலீசைக் கூப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் போய்விட்டார்.

போன வருடம் பனியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது என்றேன் அல்லவா? நான் வழுக்கவில்லை. அவர் முறுக்கினார். ஆஸ்பத்திரியிலும் அவரே பக்கத்தில் நின்று பனி என்று சொன்னார்.

என் வரியை நான் தனியாகப் போடுகிறேன் என்று போன மாதமே அவருக்கு எழுதிவிட்டேன். அதற்கு என் முகவரி அவருக்குத் தேவையே இல்லை.

இப்போது தோழி ஆலியா வீட்டில் ஒளிந்திருக்கிறேன். கோர்ட்டில் பாதுகாப்பு கேட்டிருக்கிறேன். நானே முகவரி கொடுத்து அவரை வரச்சொன்னதாகச் சொல்கிறார். முகவரி எப்படிக் கிடைத்தது என்று சொல்ல எனக்குச் சாட்சி இல்லை, உங்களைத் தவிர. அதை உங்களிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஹிஃப்ஸா

*

அல் ஐன்
17 பிப்ரவரி

என் மகளே,

மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டும் கொடுத்தேனே.

என் தம்பி, உன் சாச்சா ஹஸ்னைன் ஊரிலிருந்து போன் போட்டான். "காக்கா, குடும்ப மானம் கோர்ட்டு ஏறுது, எழுதிக் குடுக்காதீங்க" என்றான். "என் மவ கைய ஒடைச்சவனுக்கு நானே வழி சொல்லிருக்கேன், இதுக்கு மேல என்னடா மானம்" என்று வைத்துவிட்டேன்.

டைப்பிங் சென்டரில் மலையாளி அம்மா ஒருவர் என் வாக்குமூலத்தை இங்கிலீஷில் அடித்தார். 'கொடுக்க வேண்டாம் என்று மகள் எழுதியிருந்தும் நான் கொடுத்தேன்' என்ற வரி வந்ததும் நிறுத்தி, "இது வேணுமா இக்கா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். கையெழுத்து அத்தாட்சியும் வாங்கிவிட்டேன். ராஜிக்கின் மெசேஜையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

இனி நீ போகும் இடத்தை எனக்கு எழுதாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே.

வாப்பா

*

16 மார்ச்

அன்புள்ள வாப்பாவுக்கு,

நீதிபதி உங்கள் வாக்குமூலத்தைச் சத்தமாகப் படித்தார். 'வேண்டாம் என்று மகள் எழுதியிருந்தும்' என்ற இடம் வந்தபோது ராஜிக் தலையைக் குனிந்துகொண்டார். பாதுகாப்பு உத்தரவு கிடைத்துவிட்டது. இரண்டு மாநிலங்களுக்கும் என் பெயரில் மட்டும் வரி போட்டு முடித்தேன்.

வேறொரு மாநிலத்துக்கு வந்துவிட்டேன். எது என்று எழுதவில்லை. நீங்கள் வேண்டாம் என்றதால் இல்லை, வாப்பா. உங்களிடம் சொல்ல எனக்கு இன்னும் பயம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை.

பெருநாளன்று தெரியாத நம்பரிலிருந்து போன் வரும். எடுங்கள். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஹிஃப்ஸா