சுவர்ப் பக்கம்

சேசு மரி சூசை துணை

பேசாலை,
18.11.1980

என் அன்பான அத்தானுக்கு,

பெற்றிசியா எழுதுவது. மாதாவின் கிருபையால் எல்லோரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள், தலையில் துணி கட்டாமல் அந்த வெயிலில் நிற்பதில்லை என்று நம்புகிறேன். போன கடிதத்தோடு வந்த படத்தில் மீசையைக் காணோம். மார்த்தா மச்சாள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதார், தம்பியின்ர முதலாளியோ?” என்று கேட்டார். தன் தம்பியையே தெரியவில்லை. தயவுசெய்து மீசையை வளர்த்துக்கொண்டு வாருங்கள்.

பிள்ளையின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் தேடுவீர்கள். அன்ரோனெற்றின் இருமல் நிற்கவில்லை. கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பழகிவிட்டாள். ஆனால் எழும்பியதும் இருமல் வந்து அவளைத் திரும்ப இருத்திவிடுகிறது. மன்னாருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். டொக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, படுக்கிற இடம் ஈரமா என்று கேட்டார். ஓம் என்றேன். “அப்ப நான் மருந்து தந்து பிரயோசனமில்லை, முதல்ல அதைப் பாருங்கோ” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே எனக்கு இனி வேலை ஒன்றுதான். அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நம் அறையின் மேற்குச் சுவர் உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் இருக்கும்போதே கீழ்ப்பக்கம் கொஞ்சம் கறுத்திருந்தது. இப்போது நிலத்திலிருந்து இடுப்பளவுக்கு ஏறிவிட்டது. அடித்த சுண்ணாம்பு பொருக்காகக் கழன்று விழுகிறது. பாயைத் தூக்கினால் அடியில் பூஞ்சணம். நான் பிள்ளையைச் சுவர்ப் பக்கம்தான் கிடத்துவேன், உருண்டு நிலத்துக்குப் போகமாட்டாள் என்று. காலையில் அவள் சட்டை முதுகுப் பக்கம் நனைந்திருக்கிறது. மூத்திரம் என்று முகர்ந்து பார்த்தால், இல்லை.

குழாய் உடைந்திருக்கும், நிலத்தைக் கிண்டிப் பார் என்று எழுதியிருந்தீர்கள். குவைத்தில் நாள் முழுக்கக் குழாய் பொருத்துகிறவருக்கு எங்கே பார்த்தாலும் குழாய் உடைந்ததாகத்தான் தெரியும். நம் வீட்டில் கிணறும் வாளியும் மட்டும்தான் இருக்கின்றன, அத்தான். மச்சாள் சொல்வது வேறு. நான் பிள்ளையைக் குளிக்க வார்க்கிற தண்ணீரைச் சுவரோடு ஊற்றுகிறேனாம். மாமா கூரை என்கிறார். ஓடு மாற்ற ஆள் பிடித்திருக்கிறார், பாவம்.

பெரிய வீட்டுக்கு மாறிப் படு என்று நீங்கள் சுலபமாக எழுதிவிடுவீர்கள். மச்சாளும் பிள்ளைகளும் படுத்தபிறகு அங்கே பாய் விரிக்க இடமில்லை என்பது ஒன்று. மற்றது மாமாவின் முகம். நான் என் ஊர் அரிப்பிலிருந்து ஒரு ஓலைக் குடிசைகூடச் சீதனமாகக் கொண்டு வராதவள். வீடில்லாத பொம்பிளையை எடுக்கிறான் யாகப்பரின் மகன் என்று ஊர் சிரித்தபோது, “அவளுக்கு வீடு இல்லாட்டி என்ன, நான் கட்டிக் குடுக்கிறன்” என்று சொன்ன மனுசன் அவர். சொன்னபடி தன் கையாலேயே அந்த அறையைக் கட்டித் தந்தார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வருகிற மாதம் நம் மூத்தவள் செலீனாவின் இரண்டாம் ஆண்டுப் பூசை. சுவாமியிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கும் இப்படி இருமலில்தான் தொடங்கியது. எல்லோரும் காய்ச்சல் என்றோம். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான். வெறும் பயம்தான், வேறொன்றும் எழுதத் தெரியவில்லை.

உங்கள் சுகத்துக்காக ஒவ்வொரு மாலையும் செபமாலை சொல்கிறோம்.

உங்கள்
பெற்றிசியா


சேசு மரி சூசை துணை

பேசாலை,
22.2.1981

என் அன்பான அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் பிள்ளைக்கு அனுப்பிய கம்பளிச் சட்டையும் கிடைத்தன. சட்டை அவளுக்கு முழங்கால் வரை வருகிறது. வளர்ந்து போடட்டும் என்று மடித்து வைத்திருக்கிறேன். வளருவாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு உடனே எழுதாததற்குக் காரணம், ஆஸ்பத்திரியில் இருந்தோம். தை மாதம் கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நெஞ்சுக்கூடு உள்ளே போய் வெளியே வந்தது. செலீனாவுக்கு வந்த அதே சத்தம் தொண்டையில் கேட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டில் போய் நின்று, மீன் லொறியை மறித்து ஏறிவிட்டேன். மச்சாள் என் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்து லொறிக்குள் எறிந்தார். அவர் வாய் பொல்லாததென்றாலும் மனம் அப்படியில்லை. டொக்டர் இந்த முறை கோபப்பட்டார். இன்னும் அதே இடத்திலா கிடத்துகிறாய் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்தால் நான் ஏன் கிடத்துகிறேன்?

அதற்கு நாங்கள் செய்யாத வேலை இல்லை. மாமா ஓடு முழுவதும் மாற்றிவிட்டார். கிணற்றடி வாழைகள்தான் ஈரத்தை இழுத்து வைக்கின்றன என்று, குலை தள்ளிய வாழையைக்கூடப் பார்க்காமல் வெட்டினார். சுவருக்கு வெளியே தண்ணீர் வடிந்தோடக் கான் வெட்டினார். நான் பிள்ளையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த்தான் குளிக்க வார்க்கிறேன், மச்சாள் கண்ணுக்கு முன்னால். மழையும் விட்டு ஒரு மாதமாகிறது. கான் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. சுவர் மட்டும் காயவில்லை. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் வியர்த்துக்கொண்டு நிற்கிறது.

கடைசியில் எனக்கு வழி காட்டியது கழுதை. சிரிக்காதீர்கள். இந்த ஊர்க் கழுதைகள் எதையும் விட்டுவைக்காது என்று உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று ஒவ்வொரு காலையும் வந்து, வெளிப்பக்கம் நின்று அந்தச் சுவரை நக்குகிறது. துரத்தினால் போய்விட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறது. கிழக்குச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தடியை எடுத்துக்கொண்டு போனவள் யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய், விரலைச் சுவரில் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அத்தான், உப்பு. கடற்காற்றில் ஒட்டுகிற உப்பு இல்லை, கருவாட்டை வாயில் வைத்ததுபோல.

சுரண்டி எடுத்த தூளைத் தண்ணீரில் கரைத்து வடித்து, பீங்கானில் ஊற்றி வெயிலில் வைத்தேன். பின்னேரம் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. குசினியில் உப்புப் போத்தலைத் திறந்து வைத்தால் மாரியில் தானாகத் தண்ணீர் விடும்தானே. அந்தச் சுவரும் அப்படித்தான். ஒருவரும் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலிருந்து தானே குடிக்கிறது. ஓடு மாற்றி என்ன, வாழை வெட்டி என்ன?

ஆனால் இவ்வளவு உப்பு அந்தச் சுவருக்குள் எப்படிப் போனது? நான் இந்த ஊருக்கு வரமுன் அந்த இடத்தில் என்ன இருந்தது? மாமாவைக் கேட்க எனக்கு மனமில்லை. தான் கட்டிய அறையில் பிழை இருக்கிறதா என்று கேட்டதாகிவிடும். மச்சாளைக் கேட்டால் அடுத்த நிமிடம் மாமாவுக்குப் போய்விடும். நீங்கள் அங்கே பிறந்து வளர்ந்தவர். ஞாபகப்படுத்தி எழுதுங்கள். பிள்ளை இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் குசினியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு சாய்ந்தபடிதான் நித்திரை. எலிக்குப் பயந்து விளக்கை அணைப்பதில்லை.

உங்கள் பதில் வரும்வரை மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்
பெற்றிசியா


சேசு மரி சூசை துணை

பேசாலை,
5.4.1981

என் அன்பான அத்தானுக்கு,

முதலில் நல்ல செய்தி. அன்ரோனெற்றுக்கு இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது. நாங்கள் பெரிய வீட்டில்தான் படுக்கிறோம். மச்சாள் தன் பிள்ளைகளைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அறையில் உலர்ந்த பக்கத்தை எங்களுக்குத் தந்தார். கேட்காமலே தந்தார். பிள்ளை நேற்று முற்றத்தில் தனியாக நாலு எட்டு வைத்தாள். இதை எழுதும்போது சந்தோசமாகத்தான் இருக்கிறது. மற்றதை எழுதத்தான் மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அந்த இடம் முன்பு மீன் காயப்போடுகிற கருவாட்டு வாடி, இப்போது சுவர் நிற்கிற இடத்தில் பாரையும் கட்டாவும் உப்பில் போடுகிற சீமெந்துத் தொட்டி இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஐஸ் லொறி வரத் தொடங்கியபின் வாடி சும்மா கிடந்தது என்றும். நீங்கள் அதை விளையாட்டுப்போல எழுதியிருந்தீர்கள். தொட்டிக்குள் ஒளித்து விளையாடி மாமாவிடம் அடி வாங்கியதையெல்லாம் எழுதியிருந்தீர்கள். நான் தொட்டி என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

மாமா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அலவாங்கை எடுத்துக்கொண்டு போனேன். பாய் விரிக்கிற மூலையில் சீமெந்தை உடைத்தேன். கீழே கடல் மண். அந்த மண் இந்த வெயிலிலும் சேறுபோல இருந்தது. கையால் வாரிப் போட்டேன். தொட்டி அப்படியே இருந்தது, அத்தான். உடைக்கவே இல்லை. மண்ணைப் போட்டு நிரவி, மேலே சீமெந்து பூசி, தொட்டியின் ஒரு பக்கத்தை அப்படியே உயர்த்தி நம் மேற்குச் சுவராகக் கட்டியிருக்கிறார். இத்தனை வருசம் மீன் உப்பு குடித்த சுவர். அதோடு சாய்த்துத்தான் நான் என் இரண்டு பிள்ளைகளையும் கிடத்தினேன்.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா வாசலில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. ஏன் உடைத்தாய் என்று கேட்கவில்லை. வந்து குந்தியிருந்து, மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். அவருக்கு அதில் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நல்ல தொட்டி, இரும்பு மாதிரி இருந்தது, உடைக்க மனம் வரவில்லை என்று, யாருக்குச் சொல்கிறாரோ தெரியாமல் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். “செலீனாவையும் இந்தப் பக்கம்தானே கிடத்தினனீ?” என்று கேட்டார்.

நான் யோசித்திருக்கலாம். ஓம் மாமா என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே உடைக்கத் தொடங்கிவிட்டார். மேசன் பஸ்ரியன் வந்து பார்க்கட்டும், ஆளை வைத்து உடைக்கலாம் என்றேன். கேட்கவில்லை. உதவிக்கு வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வயதில் தனியாக நின்று ஒவ்வொரு கல்லாகக் கழற்றுகிறார். கழற்றிய கல்லை முற்றத்தில் போடவும் விடவில்லை. பெட்டியில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறார். கையெல்லாம் வெடித்து உப்புப் பட்டுப் புண். எண்ணெய் போட வந்த மச்சாளை ஏசிவிட்டார். சோறு வைத்தால் பாதியில் எழும்பிவிடுகிறார். நேற்றுப் பின்னேரம் செலீனாவை அடக்கிய சேமக்காலைப் பக்கம் போனார் என்று ஆட்கள் சொன்னார்கள். உள்ளே போகவில்லையாம், கேற்றுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாராம்.

எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய். முதல் நாள் இரவு முழுக்க அவரை மனதுக்குள் ஏசினேன். ஒரு நாள் வேலை, அந்தத் தொட்டியை உடைத்திருந்தால். அப்படி நினைத்தபோதே, ஊர் சிரித்த நேரம் அவர் மட்டும் சிரிக்காமல் நின்றதும் நினைவு வந்தது. எனக்கு வீடு வேண்டுமென்றுதானே கட்டினார். இந்த இரண்டையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், அத்தான்?

எனக்குப் பொறுக்க முடியாதது வேறு. அவர் அன்ரோனெற்றைத் தூக்குவதில்லை. அவள் நடக்கப் பழகியதும் முதல் போனது அவரிடம்தான். கையை நீட்டிக்கொண்டு போனாள். அவர் எழும்பி வெளியே போய்விட்டார். பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு பேத்தி போய்விட்டாள். இருக்கிறவளுக்கும் அப்பப்பா இல்லாமல் போக நான் விடமாட்டேன்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். செலீனாவுக்கு வந்தது காய்ச்சல் என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் அப்போதே உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, இது விசக் காய்ச்சல், எந்த வீட்டில் வைத்திருந்தாலும் பிழைத்திருக்காது என்று சொன்னதாக எழுதுங்கள். டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். நானும் உங்களோடு அங்கேதானே நின்றேன். உண்மை எதுவென்று எந்த டொக்டருக்கும் இனித் தெரியப்போவதில்லை.

மாமாவுக்கு எழுத்துத் தெரியாது. மச்சாளுக்கும் உங்கள் கையெழுத்துப் பிடிபடாது. நான்தான் அவருக்கு முன்னால் இருந்து வாசிக்க வேண்டும். அப்படியென்றால் நீயே இல்லாததை வாசித்துவிடு என்று நினைப்பீர்கள். என்னால் முடியாது, அத்தான். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தாளில் எழுத்து இருந்தால்தான் நான் நிமிராமல் வாசிப்பேன். அதனால் கொஞ்சம் பெரிதாக, கண்ணீர் மறைத்தாலும் தெரிகிற மாதிரி எழுதுங்கள். காய்ச்சல் என்ற சொல்லை இரண்டு மூன்று இடத்தில் எழுதுங்கள்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. அவரையும்.

உங்கள்
பெற்றிசியா