நாரிப்பிடிப்பு வயலில் வந்ததல்ல

அனுப்புநர்:
சுபத்திரா கோகுலன்,
சுகாதார உதவியாளர்,
கட்டுக்கரை, மன்னார்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மாவட்டச் சுகாதாரப் பணிமனை,
மன்னார்.

பொருள்: கடமையின்போது ஏற்பட்ட முதுகுக் காயத்தை வயல்வேலைக் காயமென ஒதுக்கியமை

மதிப்பிற்குரிய ஐயா,

கதிரையில் இருக்க முடியாததால் இதை நின்றபடி எழுதுகிறேன். எழுத்துச் சரிந்திருந்தால் பொறுத்தருள்க.

1. நான் எமது கிராமிய வைத்தியசாலையின் ஆண் நோயாளர் விடுதியில் கடமையாற்றுகிறேன். சென்ற மாதம், தோணிகள் வைத்து மீன்பிடி நடத்தும் வங்காலைச் சம்மாட்டியார் ஒருவரைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவர் நல்ல பாரமான ஆள். வேறு உதவியாளர் இல்லாததால் அவருடைய மகன்மார் இருவரும் கைகொடுத்தார்கள். "மூண்டு" என்றதும் தூக்குவது எங்கள் வழக்கம். அவர்களோ தோணி தள்ளிப் பழகியவர்கள். "ஏலோ" என்ற சொல் வந்தால்தான் மூச்சுப் பிடிப்பார்கள். நான் "மூண்டு" என்று தூக்க, அவர்கள் "ஏலோ"வுக்குக் காத்து நின்றார்கள். முழுப் பாரமும் என் அடிமுதுகில், நாரியில் இறங்கியது. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். எங்களுக்கே ஒருவரும் பழக்கித் தராததை அவர்கள் எப்படி அறிவார்கள்?

2. நோயாளியைத் தூக்காமல் வழுக்கவைத்து நகர்த்தும் பலகை ஒன்று இங்கே உண்டு. பழுதாகிவிடுமாம் என்று களஞ்சிய அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பலகை புதிதாகவே இருக்கிறது, பழுதானது நான். திறப்பு யாரிடம் என்றும் எங்களுக்குத் தெரியாது.

3. பொறுப்பதிகாரியிடம் முறையிட்டேன். "கட்டுக்கரைப் பிள்ளைதானே, விதைப்புக் காலம், வயலுக்குள்ள குனிஞ்சிருப்பீர். நாரிப்பிடிப்புத்தான், எண்ணெய் பூசும்" என்றார். ஐயா, எங்கள் வயல் இம்முறை குத்தகைக்குப் போய்விட்டது. நான் வரம்பில் கால் வைக்கவேயில்லை. என்னோடு வேலை செய்த கிறேஸ் அக்காவின் தோள்மூட்டு போனபோதும், மீன்கூடை தூக்கியதால் என்றுதான் சொன்னார்கள். வயல்வீட்டுப் பெண்ணுக்கு வயல், கடற்கரைப் பெண்ணுக்கு மீன்கூடை. விடுதியில் மட்டும் ஒருவருக்கும் நாரி முறியாதாம். எனக்கு ஆத்திரமாக வருகிறது, ஐயா.

4. வரும் திங்கட்கிழமை அதே தூக்கும் வேலைக்குத் திரும்பாவிட்டால், வேலையை விட்டதாகக் கருதப்படும் என்று அறிவித்துள்ளார்கள்.

ஆகவே இதைக் கடமைக் காயமாக ஏற்று, குணமாகும்வரை எனக்குத் தூக்காத வேலை தரும்படியும், பலகையை வெளியே எடுப்பிக்கும்படியும், ஒருவர் தனியே தூக்குவதை நிறுத்தி, தூக்குவோர் எல்லோரையும் ஒரே சொல்லுக்குப் பழக்கும்படியும் பணிவாகக் கேட்கிறேன்.

சம்மாட்டியார் அன்று விழவில்லை. கையை விட்டிருந்தால் என் நாரி தப்பியிருக்கும்; நான் விடவில்லை. திங்கட்கிழமை என் கை தானாக விட்டுவிடுமோ என்றுதான் பயப்படுகிறேன். அதற்குமுன் உத்தரவிடுங்கள், ஐயா.

நின்றபடி ஒப்பமிடும்,
சு. கோகுலன்

கட்டுக்கரை
12.11.2024