வலி போய்விட்டது என்றாள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகத்துக்குக் கடிதம் போடவும் என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. குட்டி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். உயிருக்குப் பயமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பதறிப் போவீர்கள் என்பதற்காக இல்லை. பதறுவது யார் என்று தேட நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டால் கடிதத்தைப் படிப்பது பாதியில் நின்றுவிடுமே என்பதற்காக.

ஆபரேஷன் அன்றைக்கே நீங்கள் தங்கியிருக்கும் ஆசிரமத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ரொம்பப் பணிவாகப் பேசினார். நீங்கள் மௌனத்தில் இருப்பதாகவும், செய்தியைச் சீட்டில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவதாகவும் சொன்னார். மகளுக்கு வயிற்றில் அவசர ஆபரேஷன் என்று எழுதச் சொன்னேன். நேற்று உங்கள் பதில் வந்தது. "நடப்பது உடலுக்கு நடக்கிறது. நீ பார்ப்பவளாக இரு." அவ்வளவுதான். படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கிழித்துப் போட்டிருப்பேன், குட்டி பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

போன வருஷம் அவளுக்குக் கணுக்கால் பிசகியபோது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொல்லிக் கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? வலியை விரட்டாதே, வலி யாருக்கு என்று உள்ளே திரும்பிப் பார் என்றீர்கள். அவளும் பார்த்தாள். வலி குறைந்தது. ஐஸ் வைத்து, கட்டும் போட்டிருந்தேன். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம், உங்களுக்கே இருக்கட்டும். ஆனால் குட்டி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் போன பிறகு அப்பாவிடமிருந்து அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

இந்த முறை வயிறு வலித்திருக்கிறது. என்னிடம் சொல்லவே இல்லை. சாப்பாட்டைத் தட்டிலேயே அளைந்துவிட்டுப் பசியில்லை என்றாள். பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டேன். கட்டிலில் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் போல உட்காருகிறாயா என்று கேலிகூடச் செய்தேன். மறுநாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது, சிரிப்பு மட்டும் பெரிதாக இருந்தது.

"அம்மா, ரெண்டு நாளா வயித்துல பயங்கர வலி. நான் யாருகிட்டயும் சொல்லல. பாத்துட்டே இருந்தேன். இப்ப சட்டுனு போயிடுச்சு. அப்பாகிட்ட சொல்லணும்."

குடல்வால் வீங்கி வலிப்பவர்களுக்கு அந்த வலி சட்டென்று நின்றால் என்ன அர்த்தம் என்று நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். உள்ளே வெடித்துவிட்டது என்று அர்த்தம். வயிற்றைத் தொட்டேன், பலகையாக இருந்தது. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு அவளை இழுத்துக்கொண்டு அங்கேயே ஓடினேன். வண்டியில் போகும்போதும், தான் ஜெயித்ததை நான் ஏன் கொண்டாடவில்லை என்று அவளுக்கு வருத்தம்.

ஆபரேஷன் முடிந்து நோயாளிகள் மயக்கம் தெளிகிற அறையில்தானே எனக்கு வேலை. அங்கே கண் திறக்கிற எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்போம். உங்க பேர் என்ன, எங்க வலிக்குது. முதலாவது, நினைவு திரும்பிவிட்டதா என்று தெரிந்துகொள்ள. இரண்டாவது, நாங்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அன்று எனக்கு வேலை கொடுக்கவில்லை, ஓரமாக நிற்க மட்டும் விட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் அக்கா குட்டியின் கன்னத்தைத் தட்டிப் பேர் கேட்டார். சொன்னாள். வலிக்குதாடா செல்லம் என்று கேட்டார்.

"வலிக்கல. வலியப் பாத்துட்டு இருக்கேன்" என்றாள்.

சொல்லும்போதே இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னவென்று சொல்வேன்? எங்கள் வீட்டில் இப்படித்தான் பழக்கியிருக்கிறோம் என்றா? அவர் அந்தப் பதிலை நம்பவில்லை. கண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினார்.

நம் மூக்குக்கண்ணாடிக் கடை விஷயம். கொழுந்தனார் தன்னால் ஆனதைச் செய்கிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாத்தியாருக்கு வலது கண் கண்ணாடியை இடதிலும், இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டார். மனிதர் தனக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று பயந்து டாக்டரிடம் போய்விட்டு, பிறகுதான் கடைக்கு வந்திருக்கிறார். உங்க அண்ணன் எப்ப வருவாரு என்று கேட்டாராம். பார்ப்பவன் யார் என்று கண்டுபிடிக்க நீங்கள் போனீர்கள். இங்கே பாதித் தெரு பார்க்க முடியாமல் தடுமாறுகிறது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எனக்கு வரவில்லை.

நான் இதையெல்லாம் பொய் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்கள் தேடல் வெறும் வேஷம் என்று கொழுந்தனார் ஒருமுறை சொன்னபோது சண்டைக்குப் போனவள் நான். உங்களைக் கொண்டு விட வந்தபோது அந்த ஆசிரமத்துப் பெரியவர் பேசியதையும் கேட்டேன். நான் உடல் இல்லை என்று விளக்கிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, முட்டி உயிர் போகுது, யாராவது அந்தத் தைலத்தை எடுங்கப்பா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே முட்டியில் தேய்த்துக்கொண்டார். அவர் சொன்னதையெல்லாம் வரி விடாமல் கேட்டீர்களே, தைலம் கேட்டதை மட்டும் எப்படி விட்டீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதது. குட்டி ஆபரேஷன் அறைக்குள் இருந்தபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, வேறு வழி தெரியாமல், நீங்கள் சொன்னதையே செய்து பார்த்தேன். உங்கள் மேல் இருந்த கோபத்தில்தான் செய்தேன். பயப்படுவது யார் என்று கேட்டேன். தேடினேன். நிஜமாகவே ஆள் கிடைக்கவில்லை. பயம் இருந்தது, பினாயில் வாசனை இருந்தது, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பயப்படுகிறவள் என்று தனியாக ஒருத்தி இல்லை. அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். பயம் இம்மியும் குறையவில்லை. பெரிதாகிவிட்டது. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார், அவருடைய கணவர் உள்ளே இருந்தார். அவர் பயம் எது, என் பயம் எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் வாங்கி வந்தேன். ஏன் வாங்கினேன் என்று யோசிக்கக்கூட இல்லை. தன் கை அரித்தால் இன்னொரு கை தானாகப் போகிறதே, அதைப் போலத்தான்.

வேறு என்று ஒன்று இல்லை என்று நீங்கள் வாய் ஓயாமல் சொல்வது இதுதானா? இதுதான் என்றால், அது என்னை ஒரு ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. உங்களை மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்ள வைக்கிறது? எனக்குப் புரியவில்லை. கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியவில்லை. உங்கள் ஒரு வரிப் பதிலில் எங்கேயும் அந்த விசாரணையை நான் பார்க்கவில்லை. தப்பித்துக்கொள்வதைத்தான் பார்த்தேன். அதை எழுத எனக்கு மனம் கஷ்டப்படுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். குட்டியின் வயிற்றில் சீழ் வடிய ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். உள்ளே மறுபடி சேர்ந்தால் முதலில் வலிதான் காட்டிக்கொடுக்கும், வலித்தால் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தலைமாட்டில் மணி இருக்கிறது. குட்டி அதைத் தொடுவதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். நான் கெஞ்சிவிட்டேன், திட்டிவிட்டேன், டாக்டரை விட்டும் சொல்லச் சொல்லிவிட்டேன். "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது" என்று அக்காவிடம் சொன்னாளாம். உங்கள் சீட்டு வந்ததும் அவளுக்கு ஒரே சந்தேகம்தான்.

"நான் அழலன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

தலையணையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

வெறும் கடிதம் போடாதீர்கள். இன்னொரு வரியை என்னால் தாங்க முடியாது. நீங்களே வாருங்கள். உங்கள் மௌனம் எங்கேயும் போய்விடாது, திரும்பிப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம், நான் தடுக்க மாட்டேன். இரண்டாவது மாடி, ஜன்னல் ஓரத்துக் கட்டில். பக்கத்தில் போய் நின்று, எங்க வலிக்குது என்று கேளுங்கள். யாருக்கு என்று கேட்காதீர்கள். அவள் இல்லை என்பாள். மறுபடியும் கேளுங்கள். அழுதால் அழ விடுங்கள், எதையும் விளக்காதீர்கள். அந்த மணியை அவள் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. நான் அதில்தான் இருப்பேன். கேள்வி மிச்சம் இருந்தால் வந்து உட்காருங்கள்.

மழைக்காலம், போர்வையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்களுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா