மூன்று செல்விகள்

ஐப்பசி, புதன்கிழமை

என் பழைய மாணவி செல்வி வந்து, கைப்பேசியில் உள்ள பெயர்களெல்லாம் கம்ப்யூட்டரிலும் வரும்படி இணைத்துக் கொடுத்தாள். திரையில் வரிசையாக வந்தன: டெய்லர் செல்வி, நர்ஸ் செல்வி, காலனி செல்வி.

"இன்னா சார், அவங்களுக்கெல்லாம் வேலை கீது, எனக்குத் தெரு மட்டுந்தானா?" என்று சிரித்தாள்.

"அடையாளத்துக்கும்மா" என்றேன்.

"மாத்தணும்னா போன்லயே மாத்துங்க சார், இங்கயும் தானா மாறிடும்" என்றவள், போட்டு வைத்த காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள்.

பெயர்ச்சொல்லுக்கு உதாரணமாக வகுப்பில் அவளையே எழுப்பி நிறுத்தியவன் நான்.

இப்போது 'காலனி'யை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் அவளுடைய இனிஷியலைப் போட வேண்டும். மூன்று வருடம் தினமும் வருகைப் பதிவேட்டில் வாசித்த எழுத்து. தெரு நினைவிருக்கிறது. அந்த எழுத்து வரவில்லை.